மகள் சிஏ ஆனால் வம்பில் மாட்டுவாளா? ஓர் அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா. மகள் சிஏ இன்டர்மீடியட் முடித்துவிட்டாள், இனி ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பழகும் பயிற்சி. இந்த நேரத்தில் ஆடிட்டர் ஒருவர் கைதான செய்தியைப் பார்த்துவிட்டு, "ஒரு கையெழுத்துக்காக என் பொண்ணு கோர்ட் படி ஏறணுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம்தான்.

முதலில் ஒன்று. கணக்கில் பிசகு நேர்வது வேறு, தெரிந்தே பொய்க்குத் துணைபோவது வேறு. சட்டமும் அப்படித்தான் பிரிக்கிறது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி, ஆடிட்டர் கடமை தவறினால் அபராதம். ஏமாற்றும் நோக்கத்தோடு தெரிந்தே செய்தால்தான் 1 ஆண்டு வரை சிறை. மோசடியிலேயே பங்கு இருந்தால் 447ஆம் பிரிவு, அதில் 10 ஆண்டு வரை போகும்.

ஆனால் பெரும்பாலும் சிக்கல் தொடங்குவது, பார்க்காததைப் பார்த்ததாக எழுதிக் கையெழுத்திடுவதில்தான். சத்யம் என்ற ஐதராபாத் சாஃப்ட்வேர் கம்பெனியின் கதையை மகள் முழுதாகப் படிக்க வேண்டும். 2009 ஜனவரியில் அதன் தலைவர் ராமலிங்க ராஜு தன் கடிதத்தில், ரொக்கமாகவும் வங்கியிலும் இருப்பதாகக் காட்டிய தொகையில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். வங்கி இருப்பை ஆடிட்டர் நேரடியாக வங்கிக்கு எழுதிக் கேட்க வேண்டும், பதிலும் நேரே ஆடிட்டரிடம் வர வேண்டும். அங்கே அந்தக் கடிதங்களை நிர்வாகத்தின் கையில் விட்டுவிட்டார்கள். 2015இல் ஐதராபாத் சிறப்பு நீதிமன்றம் தண்டித்த 10 பேரில் 2 பேர் ஆடிட்டர்கள். பிறகு மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. ஆனாலும் அந்த ஆண்டுகள் திரும்பி வருமா?

உங்கள் ஊரில் அவளுக்கு வரப்போகும் சோதனை இவ்வளவு பெரிதாக இருக்காது. பையன் வெளிநாட்டில் படிக்க, சொத்து மதிப்புச் சான்று கேட்டு சொந்தக்காரர் வருவார். "கொஞ்சம் கூட்டிப் போடும்மா" என்பார். பேங்க் லோனுக்காக விற்பனையை ஏற்றிக் காட்டச் சொல்வார்கள். இப்போது ஒவ்வொரு சான்றுக்கும் யூடிஐஎன் என்ற 18 இலக்க எண் உண்டு. வங்கியே இணையத்தில் அதைச் சரிபார்க்கும். ஆதாரப் பத்திரம் இல்லாமல் கையெழுத்து கிடையாது என்று சொந்தக்காரரிடம் சொல்லும் தைரியம் அவளுக்கு வேண்டும். அந்த நேரத்தில் நீங்களும் அவள் பக்கம் நிற்க வேண்டும்.

இன்னொன்று, ரகசியம். கிளையண்ட் விவரத்தை வெளியில் சொல்வது தொழில் ஒழுக்கக்கேடு, வீட்டில் சாப்பாட்டு நேரத்தில்கூடப் பேசக் கூடாது. ஆனால் சட்டம் கேட்கும் இடத்தில் சொல்லியே ஆக வேண்டும். கம்பெனி அதிகாரிகளோ ஊழியர்களோ 1 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் மோசடி செய்ததாக நம்பக் காரணம் இருந்தால், ஆடிட்டர் முதலில் கம்பெனியின் இயக்குநர் போர்டிடமோ ஆடிட் கமிட்டியிடமோ எழுதிக் கேட்டுவிட்டு, மத்திய அரசுக்கும் தெரிவிக்க வேண்டும்.

இதெல்லாம் புத்தகத்தைவிட ஆர்ட்டிகிள்ஷிப் செய்யும் ஆபீஸில்தான் படியும். அதனால் வீட்டுக்குப் பக்கம், ஸ்டைபண்ட் (பயிற்சிக் காலத்துக்கான மாதத் தொகை) அதிகம் என்று மட்டும் பார்த்து ஆபீஸைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அங்கே ஏற்கெனவே இருக்கும் ஆர்ட்டிகிள்களிடம் மகளே போய்ப் பேசட்டும். ஸ்டாக் எண்ண நேரில் அனுப்புகிறார்களா, ஒவ்வொரு ஆடிட்டுக்கும் ஒழுங்காக ஃபைல் இருக்கிறதா, தப்பான வேலை கேட்ட கிளையண்டை சார் எப்போதாவது திருப்பி அனுப்பியிருக்கிறாரா என்று கேட்கட்டும். மூன்றாவது கேள்விக்கு "ஆமாம்" என்று வந்தால், ஸ்டைபண்ட் குறைவாக இருந்தாலும் அங்கேயே சேர்த்துவிடுங்கள்.