மண்ணோடு பேசுவோம்: வாசகர் கேள்வி – பதில்

"வணக்கம் அக்கா. மணலி பக்கம் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் வருஷக்கணக்கில் சும்மா கிடந்த ஒரு கிரவுண்டு மனையைச் சங்கத்தில் பேசி ஆறு குடும்பம் பங்கு பிரித்துக்கொண்டோம். நடைவழி போக என் பங்கு ஏறக்குறைய 300 சதுர அடி. சீமைக்கருவேலமும் கோரையுமாக இருக்கிறது, நடுநடுவே செங்கல் துண்டு, சிமெண்ட் கட்டி. இதுவரை தொட்டியில் துளசி வளர்த்ததோடு சரி. ஆடிப்பட்டத்துக்குள் மொத்த இடத்திலும் காய்கறி போட்டுவிடலாமா?"
– மணலி வாசகர்

வேண்டாம் தம்பி. மொத்த இடத்திலும் போடாதீர்கள். முதல் வருஷம் 300 அடியையும் கொத்திப் போட்டால் புரட்டாசி வருவதற்குள் களை உங்களை விரட்டிவிடும், ஆசையும் அதோடு போய்விடும், எனக்கு வருத்தம் அதில்தான். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் 4 அடி அகலம், 10 அடி நீளத்தில் இரண்டு பாத்தி, அது போதும். 4 அடி என்று சொல்வது இரண்டு பக்கமும் நின்று கை எட்ட வேண்டும் என்பதற்காக. பாத்திக்குள் கால் வைத்து மிதிக்க ஆரம்பித்தால் மண் இறுகிப்போகும். மீதி இடத்தில் களையை வெட்டிவிட்டுச் சணப்பு என்கிற பசுந்தாள் உரச் செடியை விதைத்துவிடுங்கள். பூ வைக்கிற சமயத்தில், ஏறக்குறைய 45 நாளில், அப்படியே மடக்கி மண்ணுக்குள் உழுதுவிட்டால் அடுத்த பட்டத்துக்கு அந்த இடம் தானாகத் தயாராகிவிடும்.

ஆனால் விதைக்கு முன்னால் மண்ணைப் பற்றிப் பேச வேண்டும், மணலி என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அந்த மனையில் முன்னே என்ன இருந்தது என்று அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் கேளுங்கள். வண்டி ஒர்க்‌ஷாப்பா, பழைய பேட்டரி உடைக்கிற இடமா, சாம்பல் கொட்டி மேடாக்கிய இடமா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர், மணலி பக்கம் வீட்டுச் சுவரில் எல்லாம் படிந்ததே, அந்தத் தண்ணீர் இந்த மனைக்குள் வந்ததா? சாதாரண மண் பரிசோதனையில் கார அமில நிலை, உப்பின் அளவு, தழைச்சத்து மணிச்சத்து சாம்பல்சத்து எல்லாம் தெரிந்துவிடும், ஆனால் ஈயம் போன்ற உலோகங்களை அதில் பார்ப்பதில்லை, அதைத் தனியாகக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். அதனால் சந்தேகம் இருந்தால் அந்த மண்ணில் நேரடியாக எதையும் விதைக்காதீர்கள், கீரையையும் கிழங்கையும் கண்டிப்பாக வேண்டாம். குழந்தைகள் சாப்பிடப் போகிற கீரை இது. தரைக்கு மேல் ஒன்றரை அடி உயரத்துக்குச் செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ வைத்துக் கட்டி, அடியில் கனமான துணி விரித்து, வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணை நிரப்புங்கள். செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு. நார்க்கழிவை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்துதான் சேர்க்க வேண்டும், அதில் உப்பு இருக்கும். சாணத்துக்கு வடசென்னையில் பஞ்சமே இல்லை, மாடு கட்டியிருக்கிற வீடு ஒவ்வொரு பேட்டையிலும் இருக்கிறது, ஆனால் பச்சைச் சாணத்தை அப்படியே கொட்டினால் வேர் வெந்துபோகும். இரண்டு மூன்று மாதம் மக்கட்டும்.

மேட்டுப்பாத்திக்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் சென்னைக்கு வருஷ மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில்தான் கொட்டுகிறது. ஒன்றரை அடிக் குழி தோண்டி ராத்திரி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், காலையிலும் தேங்கி நின்றால் தரையில் போட்ட கத்தரியும் மிளகாயும் அந்த மழையில் வேர் அழுகிவிடும்.

கருவேலத்தைத் தரையோடு வெட்டினால் திரும்பத் துளிர்க்கும், கடப்பாரை போட்டு அடிக்கட்டையோடு எடுங்கள். கோரையைப் பிடுங்கிப் பிரயோஜனம் இல்லை, கீழே கொட்டைக் கொட்டையாகக் கிழங்கு இருக்கும், அதைத் தோண்டிப் பொறுக்க வேண்டும். சலிப்பான வேலைதான், ஆறு குடும்பமும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்குங்கள்.

அப்புறம் விதை. ஒரு பாத்தி முழுக்க முளைக்கீரை, அரைக்கீரை. முளைக்கீரை 25 நாளில் பிடுங்கலாம், முதன்முதலாகத் தோட்டம் போடுகிறவருக்கு அந்தச் சீக்கிரம் ரொம்ப முக்கியம். விதையை நாலு பங்கு மணலோடு கலந்து தூவுங்கள், இல்லாவிட்டால் ஒரே இடத்தில் கொத்தாக விழும். எறும்பு விதையை இழுத்துக்கொண்டு போகும், பாத்தி ஓரத்தில் கொஞ்சம் அரிசி நொய் போட்டுவையுங்கள், விதையை விட்டுவிட்டு எறும்பு நொய்யைத் தூக்கப் போய்விடும். இன்னொரு பாத்தியில் வெண்டை, கொத்தவரை, நாலு கத்தரி. வெண்டை 45 நாளில் காய்க்கும். இலையில் நரம்பு மட்டும் மஞ்சளாக ஓடினால் அது வெள்ளை ஈ பரப்புகிற தேமல், அந்தச் செடிக்கு மருந்து இல்லை, யோசிக்காமல் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். வேலி ஓரம் இரண்டு அவரை ஊன்றிவிடுங்கள், ஆடியில் போட்டால் பகல் குறுகுகிற மார்கழி, தையில்தான் பூத்துக் காய்க்கும், அதுவரை கொடி மட்டும் ஓடுகிறதே என்று வெட்டிவிடாதீர்கள். நாற்றுக்கு மாதவரம் பால்பண்ணைப் பக்கம் இருக்கும் தோட்டக்கலைத் துறை பூங்காவில் ஒருமுறை கேட்டுப்பாருங்கள்.

"என் வயசு அறுபத்தெட்டும்மா. திருவொற்றியூரில் மகன் வீட்டுப் பக்கத்து மனையில் புதுசாகத் தோட்டம் போட்டிருக்கிறேன். செடி எல்லாம் ஓரம் கருகிக் கருகி நிற்கிறது. தண்ணீர் தாராளமாகத்தான் ஊற்றுகிறேன். உரம் பத்தவில்லையா?"
– திருவொற்றியூர் வாசகி

உரம் இல்லை அம்மா, தண்ணீர்தான். நீங்கள் ஊற்றுவது போர் தண்ணீர் என்று நினைக்கிறேன். ஒரு எவர்சில்வர் தட்டில் ரெண்டு ஸ்பூன் ஊற்றி வெயிலில் வையுங்கள், காய்ந்த பிறகு வெள்ளையாகப் படிந்தால் விஷயம் அதுதான். மண் மேலேயும் உப்புப் பூத்திருக்கும், பாருங்கள். மீஞ்சூர் தொடங்கி நம் கடலோரத்தில் நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்சக் கடல்நீர் உள்ளே ஏறிய கதை பல பத்தாண்டுப் பழசு, உங்கள் கைராசியில் ஒரு குறையும் இல்லை.

உப்புத் தண்ணீர் என்றால் தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதுதான் மோசம், தண்ணீர் ஆவியாகி உப்பு மேலேயே நிற்கும். ரெண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, விடியற்காலையில், அடிவரை இறங்குகிற மாதிரி வேரில் ஊற்றுங்கள். இலை மேல் படவே கூடாது. மண்ணைக் காய்ந்த இலை, வைக்கோல் போட்டு மூடிவையுங்கள். நாற்றுக்கும் முளைப்புக்கும் மட்டும் மெட்ரோ வாட்டரில் ரெண்டு குடம் ஒதுக்குங்கள், அரிசி கழுவிய தண்ணீரும் நல்லதுதான். பலரும் ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுகிறார்கள். போர் தண்ணீரில் ஓடுகிற மெஷின் என்றால் அதில் உப்பு இன்னும் அதிகம், அதைத் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

பீன்ஸ், வெங்காயம் இரண்டையும் விட்டுவிடுங்கள், இரண்டுமே உப்பு தாங்காது. கொத்தவரை நன்றாகத் தாங்கும், காராமணி ஓரளவு தாங்கும், பருப்புக்கீரை சந்தோஷமாக வளரும். வேலியோரம் ஒரு முருங்கைக் கிளை நடுங்கள். ஐப்பசியில் நல்ல மழை விழுந்ததும் மண்ணின் உப்பு கழுவிக்கொண்டு கீழே போகும், அதற்குப் பிறகு தைப்பட்டத்தில் கத்தரி, தக்காளி வைத்துப் பாருங்கள். இந்த வயசில் மண்ணில் இறங்கியிருக்கிறீர்கள், படித்ததும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"காசிமேட்டில் மீன் கழிவு சும்மாவே கிடைக்கிறது. மீன் அமிலம் செய்யலாமா? வீட்டில் நாற்றத்துக்குப் பயப்படுகிறார்கள்."
– ராயபுரம் வாசகர்

தாராளமாகச் செய்யுங்கள், மீன் கழிவை வெல்லத்தில் ஊறவைத்துச் செடிக்குத் தெளிக்கிற ஊட்டம்தானே அது. கழிவு எவ்வளவோ அதே எடை வெல்லம், அதில் கஞ்சத்தனம் வேண்டாம், வெல்லம் குறைந்தால்தான் நாறும். பிளாஸ்டிக் டப்பாவில் நன்றாகக் கலந்து, பூனை தள்ளாத இடத்தில் நிழலில் மூடிவையுங்கள். மூன்று நான்கு வாரத்தில் பழவாசனை வந்தால் பதம் சரி, வடிகட்டிக்கொள்ளலாம். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லிக்கு மேல் போகாதீர்கள், சாயங்காலம் தெளியுங்கள். ஒன்று மட்டும், கருவாட்டுக் கழிவை இதில் சேர்க்காதீர்கள். அதில் இருக்கிற உப்பு செடிக்கு ஆகாது.