ஆன்லைன் எம்பிஏ: பணம் யார் கணக்கில் விழுகிறது?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சேர்க்கை பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: நான் பார்த்து வைத்திருக்கும் பல்கலைக்கழகத்துக்கு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகாரம் இருக்கிறதாம். ஆன்லைன் எம்பிஏ சேரலாமா? (ஓசூர்)

பதில்: எந்தப் பல்கலைக்கழகம், எந்தச் சேர்க்கைப் பருவம், இரண்டையுமே எழுதவில்லை. அப்புறம் நான் எதை வைத்துப் பதில் சொல்வது? பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருப்பது வேறு. அது ஆன்லைனில் எம்பிஏ நடத்த அனுமதி வாங்கியிருப்பது வேறு. யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவான டெப், அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலைத் தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. அதில் படிப்பின் பெயர், நடத்தும் முறை, பருவம் மூன்றையும் பாருங்கள். பிபிஏவுக்கு அனுமதி இருந்து எம்பிஏவுக்கு இல்லாமல் இருக்கலாம். தொலைநிலைக்கு இருந்து ஆன்லைனுக்கு இல்லாமல் இருக்கலாம். போன ஆண்டு இருந்தது இந்த ஆண்டு போயிருக்கலாம். மேலாண்மைப் படிப்பு என்பதால் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ தரப்பில் என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள், குறிப்பாக நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால். பட்டியலை நீங்களே திறந்து பார்க்க வேண்டும். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்டை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

கேள்வி: இரட்டைச் சிறப்புப் பாடம் எடுத்தால் மதிப்பு கூடுமா? (ஈரோடு)

பதில்: கூடாது. ஒன்றை ஒழுங்காகப் படியுங்கள்.

கேள்வி: சேர்க்கை ஏஜென்ட் என் ஆதார் ஓடிபியை வாங்கி டெப் ஐடி எடுத்துக் கொடுத்தார். இப்போது அவர் போனை எடுப்பதில்லை. அந்த ஐடியில் எந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போயிருக்கிறது என்றே தெரியவில்லை. (சேலம்)

பதில்: ஓடிபியைக் கொடுத்திருக்கவே கூடாது. தொலைநிலை, ஆன்லைன் படிப்புகளில் சேர 2024 முதல் டெப் ஐடி கட்டாயம். அதற்கு முன்னால் ஏபிசி கணக்கு வேண்டும், படிப்பில் எடுக்கும் கிரெடிட் புள்ளிகளைச் சேர்த்து வைக்கும் கணக்கு அது, டிஜிலாக்கர் வழியாகத் திறப்பது. இரண்டையும் வீட்டில் உட்கார்ந்து நீங்களே எடுத்துவிடலாம், செலவும் இல்லை. இன்றைக்கே டிஜிலாக்கரின் ரகசிய எண்ணை மாற்றுங்கள். டெப் தளத்தில் உங்கள் கணக்கில் நுழைந்து, பதிவாகியிருக்கும் செல்பேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். வேறு ஆளுடையவை என்றால் டெப்புக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். பிறகு சேர்க்கை நடந்ததா இல்லையா என்று பல்கலைக்கழகத்தையே கேளுங்கள், ஏஜென்டை அல்ல.

கேள்வி: ஆன்லைன் படிப்புகளுக்கு ஆள் சேர்க்கும் ஒரு செயலி நிறுவனத்தின் ஆலோசகர் தினமும் பேசி என்னை எம்பிஏவில் சேர்த்தார். 'வட்டியில்லா தவணை' என்றார். மாதம் சுமார் எட்டாயிரம் போகிறது. மூன்று மாதம் கழித்துத்தான் அது என் பெயரில் எடுத்த கடன் என்று தெரிந்தது. வகுப்பும் சரியில்லை. விலகுகிறேன் என்றால், பணம் திரும்பாது, தவணையையும் கட்டியே ஆக வேண்டும் என்கிறார்கள். (திருப்பூர்)

பதில்: இந்தக் கடிதத்தை வேறு வேறு ஊர்ப் பெயரோடு பல வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கோபம்தான் வருகிறது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து முன்னேற நினைக்கிற பிள்ளைகளிடம் 'ஆலோசகர்' என்ற பெயரில் விற்பனை ஆட்கள் பேசுகிறார்கள். மாதத்துக்கு இத்தனை சேர்க்கை என்ற இலக்கு அவர்களுக்கு உண்டு. இன்று இரவுக்குள் கட்டினால் தள்ளுபடி, நாளைக்கு இடம் இருக்காது என்று அவசரப்படுத்துவார்கள். அனுமதி பெற்ற எந்தப் பல்கலைக்கழகத்திலும் சேர்க்கைக்குக் கடைசித் தேதி ஒன்று உண்டு, அது வெளிப்படையாக இருக்கும். இரவு பதினோரு மணிக் கெடு எதுவும் கிடையாது.

நடப்பதைப் புரிந்துகொள்ளுங்கள். நீங்கள் போனில் 'சரி' என்று அழுத்தியதும் வங்கி அல்லாத ஒரு நிதி நிறுவனம், அதாவது என்பிஎஃப்சி, முழுக் கட்டணத்தையும் செயலி நிறுவனத்துக்கு ஒரே தவணையில் கொடுத்துவிடுகிறது. வட்டியை அந்த நிறுவனம் ஏற்றுக்கொள்வதால் அதற்கு 'வட்டியில்லா' என்று பெயர். கடன் உங்கள் தலையில்தான். வகுப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும் நிதி நிறுவனம் உங்களைத்தான் கேட்கும். கோபத்தில் வங்கிக் கணக்கில் தவணையை நிறுத்தினால் சிபில் மதிப்பெண் விழும், நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். ஆகவே முதலில் எழுத்தில் புகார், தவணை பற்றிய முடிவு அதற்குப் பிறகு.

புகாரை இப்படிப் போடுங்கள். பல்கலைக்கழகம், செயலி நிறுவனம், நிதி நிறுவனம் மூன்றுக்கும் ஒரே மின்னஞ்சல். சேர்ந்த தேதி, கட்டிய தொகை, கடன் என்று உங்களுக்குச் சொல்லப்படவில்லை என்ற விவரம், ஆலோசகரின் வாட்ஸ்அப் உரையாடல் எல்லாம் அதில் இருக்கட்டும். போனில் பேசித் தீர்க்கலாம் என்று அவர்கள் கூப்பிடுவார்கள். பேசுங்கள், ஆனால் பேசியதை அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள். நிதி நிறுவனம் 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனிலேயே போகலாம். செயலி நிறுவனத்தின் மேல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியுங்கள். அதிலும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. உறுதியாகச் சண்டை போடுகிறவர்களோடு சமரசம் பேச முன்வருவார்கள். சும்மா இருப்பவர்களுக்கு எதுவும் திரும்பாது.

இன்னொன்று. பட்டப் படிப்பை வேறு நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விடுவது போல நடத்த யுஜிசியின் 2020 விதிகளில் இடமே இல்லை. யுஜிசியும் ஏஐசிடிஇயும் 2022 ஜனவரியில் இதை அறிவிப்பாகவே வெளியிட்டு எச்சரித்தன. தொழில்நுட்ப உதவிக்கு வெளி நிறுவனத்தை வைத்துக்கொள்ளலாம். சேர்க்கைக்கும் பாடத்துக்கும் தேர்வுக்கும் பொறுப்பு பல்கலைக்கழகம்தான். அதனால் 'அது அந்த கம்பெனியோடு பேசிக்கொள்ளுங்கள்' என்று பல்கலைக்கழகம் கைகழுவினால் விடாதீர்கள்.

இனிச் சேரப்போகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வதுதான்: பணம் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு நேராகப் போக வேண்டும், ரசீது பல்கலைக்கழகத்தின் பெயரில் வர வேண்டும். இடையில் யார் பெயர் வந்தாலும் நிறுத்திவிடுங்கள். கடன் எடுத்தே ஆக வேண்டும் என்றால் வங்கிக் கிளைக்குப் போய்க் கல்விக் கடன் கேளுங்கள். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு அந்த வட்டியில் வருமான வரிக் கழிவும் கிடைக்கும். செயலி வழியாகக் கடன் எடுத்துவிட்டீர்கள் என்றால், அபராதம் இல்லாமல் வெளியேற ரிசர்வ் வங்கி விதிப்படி தொடக்கத்தில் ஒரு சிறிய அவகாசம் உண்டு. எத்தனை நாள் என்பது கடன் தாளில் இருக்கும். அந்தத் தாளைப் படிக்காமல் எதையும் அழுத்தாதீர்கள்.

கேள்வி: ஆன்லைன் எம்பிஏ வைத்து அரசு வேலைக்கும் வங்கி வேலைக்கும் விண்ணப்பிக்கலாமா? நான் எழுத நினைக்கும் தேர்வுகளின் பட்டியலைக் கீழே போட்டிருக்கிறேன். (மதுரை)

பதில்: அனுமதி பெற்ற நிறுவனம் தரும் ஆன்லைன் பட்டம் நேரடி வகுப்புப் பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசி 2022 செப்டம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. எம்பிஏவில் 55 சதவீதம் எடுத்தால் கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தேர்வும் எழுதலாம். ஆனால் வேலை அறிவிக்கையில் 'முழுநேர' என்ற ஒரு சொல் இருந்தால் கதை மாறிவிடும். வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐபிபிஎஸ் அமைப்பின் சிறப்பு அதிகாரி தேர்வில் மனிதவளம், மார்க்கெட்டிங் பணியிடங்களுக்கு இரண்டாண்டு முழுநேரப் படிப்பு என்றே கேட்கிறார்கள். அங்கே உங்கள் ஆன்லைன் எம்பிஏ நிற்காது. நீங்கள் போட்டிருக்கும் பட்டியலில் மூன்று தேர்வுகளின் அறிவிக்கையை நீங்கள் படித்ததாகத் தெரியவில்லை. பொதுத்துறை நிறுவனத்தில் பதவி உயர்வுக்காகப் படிக்கிறவர்கள் அந்த நிறுவன விதியை எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு சேருங்கள்.

கேள்வி: ஒரே வருடத்தில் ஆன்லைன் எம்பிஏ முடித்துத் தருகிறார்களாம். போன வருடம் சேர்ந்ததாகக் காட்டுவார்களாம். (விருதுநகர்)

பதில்: அதற்குப் பெயர் மோசடி. அந்தச் சான்றிதழை வேலையிடத்தில் நீட்டுகிறவர் நீங்கள் என்பதால் வழக்கும் உங்கள் மேல் வரும். எண்ணை அழித்துவிடுங்கள்.

கேள்வி: ஒரு ஐஐஎம்மின் பதினொரு மாத ஆன்லைன் படிப்பும் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் எம்பிஏவும் ஏறக்குறைய ஒரே விலையில் வருகின்றன. எதை எடுக்கலாம்? (கோயம்புத்தூர்)

பதில்: இரண்டும் ஒரே பொருள் அல்ல. 2017 சட்டத்துக்குப் பிறகு ஐஐஎம்கள் பட்டமே தரலாம். ஆனால் வேலையில் இருப்பவர்களுக்காக அவை ஆன்லைனில் நடத்தும் குறுகிய படிப்புகள் பெரும்பாலும் சான்றிதழ்தான், எம்பிஏ அல்ல. கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று சொல்கிறேன். கட்டண விவரத்தில் 18 சதவீத ஜிஎஸ்டி போட்டிருக்கிறதா பாருங்கள். சட்டப்படியான பட்டப் படிப்புக்குக் கல்வி நிறுவனம் மாணவரிடம் வாங்கும் கட்டணத்தில் அந்த வரி கிடையாது. வரி இருந்தால் நீங்கள் வாங்குவது வேறு ஏதோ ஒன்று. பட்டம் கையில் வேண்டும், பிறகு பிஎச்டியோ நெட்டோ யோசிக்கிறீர்கள் என்றால் எம்பிஏ. பத்துப் பன்னிரண்டு வருட அனுபவம் இருந்து, நிறுவனத்துக்குள் அடுத்த நாற்காலிதான் குறி என்றால் ஐஐஎம் சான்றிதழுக்கு அர்த்தம் உண்டு. உங்களுக்கு மூன்று வருட அனுபவம்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். எம்பிஏவுக்கே போங்கள்.

கேள்வி: இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) எம்பிஏ மலிவாக இருக்கிறதே, மலிவு என்றால் தரம் குறைவா? (தஞ்சாவூர்)

பதில்: இல்லை. மொத்தமே அறுபதாயிரம் சொச்சம்தான், தனியாரில் ஒன்றரை முதல் மூன்று லட்சம் போகும். பாட நூல்கள் நன்றாக எழுதப்பட்டவை, விலை கொடுத்து வாங்கும் பல நூல்களைவிடத் தெளிவானவை. குறை என்னவென்றால் யாரும் உங்களைத் துரத்த மாட்டார்கள். ஒப்படைப்புகளைத் தேதிக்குள் அனுப்பாமல் விட்டு, தேர்வு எழுத முடியாமல், இரண்டு வருடப் படிப்பை நான்கு வருடம் இழுப்பவர்கள் ஏராளம். சுயமாக உட்கார்ந்து படிக்கும் பழக்கம் இருந்தால் இதைவிட நல்ல பேரம் கிடையாது.

கேள்வி: வேலையும் குழந்தையும் வைத்துக்கொண்டு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்க வேண்டும்? ஆலோசகர் ஐந்து மணி போதும் என்றார். (கும்பகோணம்)

பதில்: ஐந்து போதாது அம்மா. கணக்கு இதுதான். எம்பிஏவுக்கு நூறு கிரெடிட் என்று வையுங்கள். ஆன்லைன் முறையில் ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு. மொத்தம் மூவாயிரம் மணி. இரண்டு வருடத்தில் சுமார் நூறு வாரம், ஆக வாரத்துக்கு முப்பது மணி என்று காகிதம் சொல்கிறது. வேலைக்குப் போகிறவர்கள் அவ்வளவு படிப்பதில்லை. பன்னிரண்டு முதல் பதினைந்து மணி கொடுப்பவர்கள் நன்றாகவே தேறுகிறார்கள். பத்துக்குக் கீழே போனால் முதல் பருவத்தில் கணக்குப்பதிவியலும் புள்ளியியலும் காலை வாரிவிடும். இரண்டையும் வகுப்பு தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே எடுத்துப் பாருங்கள், மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் இலவசமாகவே பாடங்கள் இருக்கின்றன. இறுதித் தேர்வுக்கு 70, உள்மதிப்பீட்டுக்கு 30 என்ற கணக்கில் வரும். அந்த முப்பதை யாரும் சும்மா விடக்கூடாது. கைக்குழந்தை என்றால் ஒரு பருவம் தள்ளிச் சேர்வதில் தவறே இல்லை. வருடத்துக்கு இரண்டு முறை சேர்க்கை நடக்கிறது.

கேள்வி: பட்டம் வரை தமிழ் வழி. ஆங்கில வகுப்பைப் புரிந்துகொள்ள முடியுமா என்று பயமாக இருக்கிறது. (திண்டுக்கல்)

பதில்: உங்கள் கடிதத்தில் கடை வரவு செலவை நீங்களே பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சரக்கு இருப்பு, கடன் சுழற்சி, லாப விகிதம் மூன்றையும் கையால் செய்கிறவருக்கு எம்பிஏவின் பாதி ஏற்கெனவே தெரியும், ஆங்கிலப் பெயர்தான் புதிது. ஆன்லைனில் பதிவு செய்த வகுப்பை நிறுத்தி நிறுத்தித் திரும்பக் கேட்கலாம், நேரடி வகுப்பில் அது முடியாது. முதல் பருவம் முழுக்க ஒரு நோட்டில் கலைச்சொல்லை ஆங்கிலத்திலும் அதன் பொருளை உங்கள் கடை உதாரணத்தோடு தமிழிலும் எழுதி வாருங்கள். விவாதப் பகுதியில் இலக்கணப் பிழையோடு எழுதினாலும் எழுதுங்கள். இரண்டாம் பருவத்தில் இந்தக் கேள்வியையே மறந்திருப்பீர்கள். பணத்தை மட்டும் நான் மேலே சொன்ன மாதிரி, பல்கலைக்கழகக் கணக்குக்கு நேராகக் கட்டுங்கள்.

கேள்வி: அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் எம்பிஏவை இங்கிருந்தே படித்தால்? (சென்னை)

பதில்: இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் ஐஎம்பிஏ மாதிரி நல்ல படிப்புகள் உண்டு, இருபது லட்சத்துக்கு மேல் ஆகும். பன்னாட்டு நிறுவனத்தில் இருப்பவருக்குப் பயன்படும். இந்திய அரசு வேலையோ ஆசிரியப் பணியோ குறி என்றால் எடுக்காதீர்கள், இந்தியப் பட்டத்துக்குச் சமம் என்ற சமநிலைச் சான்று வாங்குவது பெரும்பாடு. இங்குள்ள செயலி நிறுவனம் ஏதோ ஒரு வெளிநாட்டுப் பெயரை ஒட்டி விற்கும் மலிவுப் பட்டங்கள் வேறு ரகம். அவற்றுக்கு அங்கீகாரம் இல்லை என்று யுஜிசி 2023 டிசம்பரில் எச்சரித்திருக்கிறது. கிட்டேயே போகாதீர்கள்.

கேள்வி: கல்லூரியில் எம்.காம் படிக்கிறேன். கூடவே ஆன்லைன் எம்பிஏ சேரலாமா? (நாகர்கோவில்)

பதில்: 2022 முதல் சேரலாம், ஒன்று நேரடி வகுப்பு, இன்னொன்று ஆன்லைன் என்றால் விதிப்படி தடையில்லை. இரண்டின் தேர்வுத் தேதிகளும் மோதாதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டிலிருந்தே எழுதும் தேர்வில் கரண்ட் போனால்? (அரியலூர்)

பதில்: பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் விதி மாறும், சேரும் முன்பே கேளுங்கள். மடிக்கணினியில் முழு சார்ஜ், ரவுட்டருக்குச் சின்ன யுபிஎஸ், மாற்றாக வேறு நிறுவன சிம் போட்ட ஒரு போன். நடுவில் துண்டித்தால் உடனே படம் எடுத்து, நேரத்தைக் குறித்து, பத்து நிமிடத்துக்குள் தேர்வு உதவி மையத்துக்கு எழுதுங்கள். மறுநாள் எழுதும் புகாரை யாரும் கேட்பதில்லை. மாதிரித் தேர்வு ஒன்று வைப்பார்கள், அதைத் தவறவிடாதீர்கள். கேமரா, முகம் சரிபார்ப்பு, மைக் எல்லாச் சிக்கலும் அன்றைக்கே தெரிந்துவிடும்.