“ஒரு படம் எடுத்துக்கட்டா?” குன்னூர் மார்க்கெட்டிலிருந்து சில பதில்கள்

தெருவில் முன்பின் தெரியாதவர்களைப் படம் எடுக்கக் கூச்சமாக இருக்கிறது, என்ன செய்யலாம் என்று நீலகிரிக்காரர்கள் பலர் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன். என்னைப் பற்றி இரண்டு வரி. ஊட்டி ஏரிக்கரையில் பன்னிரண்டு வருஷம் சுற்றுலா வந்தவர்களைப் படம் எடுத்துக் கொடுத்துப் பிழைத்தவன் நான். எல்லார் கைக்கும் கேமரா போன் வந்ததும் அந்தத் தொழில் படுத்துவிட்டது. இப்போது குன்னூரில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ. அப்பா ஊட்டி இந்து நகர் பிலிம் ஃபாக்டரியில் வேலை பார்த்தவர். அங்கே 1967-இல் உற்பத்தி தொடங்கியது. ‘இந்து’ கறுப்பு வெள்ளை பிலிம் எங்கள் வீட்டில் உப்பு, புளி மாதிரி கிடக்கும். பிலிம் இருந்தது, ஆட்களிடம் கேட்க வாய்தான் இல்லை. பதினெட்டு வயது வரை நான் எடுத்ததெல்லாம் மரம், மலை, பக்கத்து வீட்டு நாய்.

கோத்தகிரி, கல்லூரி மாணவர்: கேமராவைத் தூக்கினாலே எல்லோரும் என்னையே பார்க்கிற மாதிரி இருக்கிறது அண்ணா. கை நடுங்குகிறது. எங்கே தொடங்குவது?

பார்க்கத்தான் செய்வார்கள் தம்பி. கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தவர்கள் பத்துப் பேராவது நிற்பார்கள். அதனால் சொந்த ஊரில் தொடங்காதீர்கள். மலை ரயில் வரும் நேரம் பார்த்துக் குன்னூர் ஸ்டேஷனுக்கு வாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும் நீராவி என்ஜினை இங்கே கழற்றிவிட்டு, ஊட்டிக்கு டீசல் என்ஜின் மாட்டுவார்கள். அந்த நேரத்தில் பெட்டியே காலியாகும். இறங்கினவர்கள் எல்லோரும் என்ஜினையும் தங்களையும் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அத்தனை போனுக்கு நடுவில் உங்கள் கேமராவை யார் கவனிக்கப் போகிறார்கள்? மே மாதம் என்றால் தாவரவியல் பூங்கா மலர்க் கண்காட்சியும் அப்படித்தான்.

முதல் நாள் படமே எடுக்க வேண்டாம். கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு டீ, ஒரு வர்க்கி, அவ்வளவுதான். கேமராவோடு நிற்பது உங்களுக்கே பழக வேண்டும். அடுத்த முறை, செல்ஃபிக்குக் கையை நீட்டிக்கொண்டு தவிக்கிற குடும்பம் ஒன்று கட்டாயம் இருக்கும். “குடுங்க, நான் எடுத்துத் தர்றேன்” என்று போனை வாங்கி ஒழுங்காக எடுத்துக் கொடுங்கள். அப்புறம், “என் கேமராவிலும் ஒண்ணு எடுத்துக்கட்டா?” ஏரிக்கரையில் நான் கற்றது இது. முதலில் எதையாவது கொடுத்துவிட்டுக் கேட்டால் வாய் தானாக வரும். எனக்கு இந்த இடத்தில் யாரும் மறுத்ததாக ஞாபகமில்லை.

குன்னூர், வங்கி ஊழியர்: கேட்டால் விறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். கேட்காமல் எடுத்தால் திருடின மாதிரி இருக்கிறது. எது சரி?

எங்கள் மார்க்கெட் படிக்கட்டுப் பக்கம் குடை ரிப்பேர் பண்ணுகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஜூன், ஜூலை வந்தால் அவரைச் சுற்றி உடைந்த குடைகள் வௌவால் மாதிரி குவிந்து கிடக்கும். என் குடைக்கும் ஒரு கம்பி போயிருந்தது. மாற்றச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கம்பி ஏறியதும், “ஐயா, உங்களை ஒரு படம் எடுத்துக்கட்டுமா?” என்றேன்.

மனுஷர் உடனே குரங்குக் குல்லாவைக் கழற்றினார். விரலாலேயே தலை வாரினார். ஸ்வெட்டரின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, ரேஷன் கார்டுக்கு உட்காருகிற மாதிரி உட்கார்ந்தார். எடுத்தேன். இதை வீண் படம் என்று நினைக்காதீர்கள். தன்னை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்கிற படம் அது. திரையில் காட்டினேன், தலையாட்டினார். நான் எழுந்திருக்கவில்லை. மழையைப் பற்றி, பீன்ஸ் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். ஐந்து நிமிஷத்தில் குல்லா மறுபடி தலைக்குப் போனது, நூல் பல்லிடுக்குக்குப் போனது. ஒரு பழைய குடையை விரித்து, ஓட்டை எங்கே என்று வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். துணியில் இருந்த பொத்தல்கள் வழியே வெளிச்சம் அவர் கன்னத்தில் நாலைந்து புள்ளியாக விழுந்தது. அதை எடுத்தேன். ஷட்டர் சத்தம் கேட்டு, நிமிராமலே, “இன்னும் முடியலையா?” என்றார்.

ஆகவே கேளுங்கள், எடுங்கள், காட்டுங்கள், ஆனால் உடனே கிளம்பிவிடாதீர்கள். இரண்டு படத்தையும் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். முதல் படம் அவர் பெட்டிக்குள் ஒட்டியிருக்கிறது. இரண்டாவதைப் பார்த்து, “இதுல குல்லா போட்டிருக்கேனே” என்று மடித்து வைத்துவிட்டார்.

ஊட்டி, ஐடி ஊழியர்: 70-200 ஜூம் லென்ஸ் வாங்கி, தூரத்திலிருந்து எடுத்தால் கூச்சப் பிரச்சினையே இல்லையே சார்?

பணம் போகும், கூச்சம் அப்படியே இருக்கும். அவ்வளவு நீள லென்ஸை எதிர்ச் சாரியிலிருந்து ஒருவர் மேல் குறிவைத்துப் பாருங்கள், தெருவே திரும்பிப் பார்க்கும். தெருப் படங்களுக்குப் பேர்போன பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்ட்டியே-பிரெஸ்ஸோன் தன் லைக்கா கேமராவின் பளபளப்பைக் கறுப்பு டேப் ஒட்டி மறைத்தவர். அவரே பெரும்பாலும், தூரத்தைக் கிட்டே இழுக்காத 50 எம்எம் லென்ஸைத்தான் வைத்திருந்தார். 50-இல் ஒருவரை இடுப்புக்கு மேலே எடுக்க ஐந்தடிக்குப் போயாக வேண்டும். ஐந்தடி என்றால் அவர் குடிக்கும் டீயின் ஆவி தெரிகிற தூரம். போன் என்றால் இன்னும் கிட்டே. ஜூம் பண்ணாமல் எடுங்கள்.

கூடலூர், ஆசிரியை: ஒரு பெண் கேமராவோடு நின்றால் ஆளாளுக்குக் கேள்வி கேட்கிறார்கள். டீக்கடைப் பக்கம் நிற்கவே முடியவில்லை.

இதில் எனக்குத் தெரிந்தது பாதிதான் மேடம், நான் ஆண். என்னிடம் கற்றுக்கொண்ட ஒரு பெண் செய்வதைச் சொல்கிறேன். அவர் டீக்கடையில் தொடங்கவில்லை, பூக்கடையில் தொடங்கினார். வாரம் ஒருமுறை அதே அக்காவிடம் இரண்டு முழம் பூ. மூன்றாவது வாரம் அந்த அக்காவே, “கழுத்துல என்னம்மா தொங்குது?” என்று கேட்டார். அதற்கப்புறம் அந்த வரிசையில் வேறு யாராவது துருவித் துருவிக் கேட்டால், “நம்ம பொண்ணுதான், விடு” என்று அந்த அக்காவே பதில் சொல்லிவிடுவார். வீட்டுக்குள்ளே, அடுப்படியில், கொல்லையில் பெண்களை எடுக்க என் மாணவிக்கு வழி திறக்கிறது. எனக்கு வாசலோடு சரி. யாராவது பின்தொடர்கிற மாதிரி பட்டால் படத்தை விட்டுவிட்டு ஆள் நடமாட்டம் உள்ள கடைக்குள் போய்விடுங்கள்.

குன்னூர், சுற்றுலா வழிகாட்டி: தோடர் பழங்குடிப் பாட்டிகளை அவர்களுடைய பூத்துக்குளிச் சால்வை போர்த்தியபடி எடுக்க ஆசை. அவர்கள் குடியிருப்பான மந்துக்குள் போய்க் கேட்கலாமா?

அழைப்பு இல்லாமல் போகாதீர்கள். 1870-களிலேயே வெள்ளைக்காரர்கள் தோடர்களை நிறுத்தி வைத்துப் படம் எடுத்து, தலையை அளந்து, புத்தகமும் போட்டுவிட்டார்கள். நூற்றைம்பது வருஷமாகக் கேமராவுக்கு நின்று சலித்தவர்கள். “அபூர்வமான முகம்” என்று நீங்கள் போய் நின்றால் அவர்களுக்கு அது புதிதில்லை. பூத்துக்குளியில் இருக்கும் கறுப்பு சிவப்புப் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோடு வரைந்துகொள்ளாமல் இழையை எண்ணி எண்ணியே போடுகிற வேலை. அதைப் பற்றிக் கேட்க உங்களுக்கு உண்மையிலேயே ஆர்வம் இருந்தால், தெரிந்தவர் ஒருவரோடு போய், கேமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டு கேளுங்கள். ஊசி போகிற விரலை எடுக்கச் சம்மதம் கிடைக்கலாம். கோயில் பக்கம் மட்டும் கேட்காமல் கேமராவைத் திருப்ப வேண்டாம்.

வெலிங்டன், புதியவர்: யாராவது கோபப்பட்டால்? அழிக்கச் சொன்னால்?

அவர் கண் முன்னே அழித்துவிடுங்கள். வாக்குவாதம் வேண்டாம். ஒருமுறை ரோட்டு வளைவில் நின்று, கொழுந்து பறிக்கிற பெண்களை எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா கையை நிறுத்தாமலே, “எங்க படத்தை எத்தனையோ பேரு எடுத்துட்டுப் போனாங்க. ஒருத்தராச்சும் கொண்டுவந்து காட்டினாங்களா?” என்றார். அங்கே எடைக்குத்தான் காசு. நிமிர்ந்து நமக்குச் சிரித்துக் காட்டுகிற நேரத்தில் கூடையில் இலை குறையும். அழித்துவிட்டு இறங்கினேன். காது சுட்டது. இப்போதெல்லாம் மேஸ்திரியிடம் கேட்டுவிட்டு, மத்தியானம் எடை போட வரிசையில் நிற்கும்போதுதான் போகிறேன்.

சட்டம் என்றால், பொது இடத்தில் ஒருவரை எடுப்பது மட்டுமே குற்றமாகாது. ஆனால் துணி மாற்றுவது போன்ற அந்தரங்கமான நேரத்தில் ஒரு பெண்ணை எடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதா என்கிற தண்டனைச் சட்டத்தின் 77-ஆம் பிரிவு பாயும். அருவிக்கரைகளில் இதை மறக்க வேண்டாம். குழந்தை என்றால் பெற்றவரைக் கேட்காமல் எடுக்காதீர்கள், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

ஊட்டி, மாணவி: காசு கேட்டால் கொடுக்கலாமா அங்கிள்?

குதிரைக்காரர், வேஷம் போட்டு நிற்பவர், இவர்களுக்கு அதுதான் தொழில். பேசிய காசைக் கொடுங்கள். நானும் ஏரிக்கரையில் அப்படிப் பிழைத்தவன்தானே. மற்றவர்களுக்குப் பிரிண்ட்.

கோத்தகிரி, இன்னொருவர்: மூடுபனியில் முகம் எல்லாம் கறுத்துப் போகிறது. செட்டிங் சொல்லுங்கள்.

பனி வெள்ளையாக இருப்பதால் கேமரா ஏமாந்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +1 ஏற்றிவிடுங்கள். 35 எம்எம் லென்ஸ் என்றால் லென்ஸ் துளை எஃப்/8, ஷட்டர் வேகம் 1/250, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஆட்டோ, ஃபோகஸை எட்டடியில் நிறுத்திவிட்டால் ஆறடியிலிருந்து பதினைந்தடி வரை ஓரளவு தெளிவாக விழும். திருகிக்கொண்டு நிற்கும் நேரத்தில்தான் பயம் ஏறும். குளிரிலிருந்து டீக்கடைக்குள் நுழைந்தால் லென்ஸ் வேர்த்துவிடும், பத்து நிமிஷம் பைக்குள்ளேயே விடுங்கள். அதற்குள் ஒரு டீ.

வெலிங்டன், பணி ஓய்வு பெற்றவர்: உண்மையைச் சொல்லுங்கள், உங்களுக்குக் கூச்சம் போய்விட்டதா?

இல்லை சார். போன மாதம் கோத்தகிரி ரோட்டில், ஒரு எஸ்டேட் லைன் வீட்டு வாசலில் ஒரு பாட்டி வெயிலுக்கு உட்கார்ந்திருந்தார். மூன்று தடவை கடந்து போனேன். நாலாவது தடவை அவரே, “என்னப்பா, போட்டோ எடுக்கணுமா? கேட்டா என்ன?” என்று கூப்பிட்டுவிட்டார். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம். தலைமன்னாரில் கப்பல் ஏறுவதற்கு முன் பாஸ்போர்ட்டுக்கு எடுத்ததுதான், அதற்கப்புறம் தனியாகப் படமே எடுத்ததில்லையாம். கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டு நேராகப் பார்த்தார். இரண்டே இரண்டு படம்.

பிரிண்ட் தயார். ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அன்றைய அவசரத்தில் பெயர் கேட்க மறந்துவிட்டேன். வீடு வீடாகப் படத்தைக் காட்டித்தான் விசாரிக்க வேண்டும். அதை நினைத்தால் இப்போதே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.