வாடகைக்கு இருப்பவரின் ஏர்கானுக்கு எவ்வளவு கேட்கலாம்?

கேள்வி: சிங்கப்பூரில், யீஷுனில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறேன். கணவர் காலமான பிறகு ஓர் அறையை, ஊரிலிருந்து வேலைக்கு வந்த தம்பி ஒருவருக்கு வாடகைக்கு விட்டேன். மே மாதம் குடிவந்தார். நல்ல பிள்ளை, ஆனால் இரவு முழுக்க ஏர்கான் ஓடுகிறது. ஏப்ரலில் 58 வெள்ளி வந்த பியூபி பில் (மின்சாரம், தண்ணீர், கேஸ் சேர்ந்தது), மே மாதம் 171 வெள்ளி. ஏர்கானுடன் வந்த தாளில் 2.6 கிலோவாட் என்று போட்டிருக்கிறது. இரவுக்கு 10 மணி நேரம், 30 நாள், யூனிட்டுக்கு 30 காசு என்று பெருக்கினால் 234 வெள்ளி! மாதம் கூடுதலாக 100 வெள்ளி கேட்கலாமா? கேட்கவும் மனம் வரவில்லை, விடவும் முடியவில்லை.

பதில்: அம்மா, மே மாத பில்லே தண்ணீர், கேஸ் எல்லாம் சேர்த்து 171 வெள்ளிதான். அதற்குள் ஏர்கான் மட்டும் 234 வெள்ளி எப்படி அடங்கும்? உங்கள் பெருக்கலில் பிழை இல்லை. எடுத்துக்கொண்ட எண்தான் வேறு.

அந்த 2.6 கிலோவாட் ஏர்கான் இழுக்கும் மின்சாரம் அல்ல. அறையிலிருந்து அது வெளியே தள்ளும் வெப்பத்தின் அளவு. கடையில் 9,000 பிடியூ என்று சொல்வதும் இதையேதான். ஏர்கான் வெப்பத்தை உண்டாக்குவதில்லை, உள்ளே இருப்பதை வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. அதனால் ஒரு பங்கு மின்சாரத்தில் மூன்று, நான்கு பங்கு வெப்பத்தை அகற்றிவிடும். அதே தாளில் 'பவர் இன்புட்' என்ற வரியைத் தேடுங்கள். இந்த அளவு ஏர்கானுக்கு அது 0.7 கிலோவாட் பக்கம் இருக்கும். 0.7 பெருக்கல் 10 மணி, 30 நாள் என்றால் 210 யூனிட், 63 வெள்ளி. அதுவும் விடிய விடிய முழு வேகத்தில் ஓடினால்தான். இன்வெர்ட்டர் வகை, அறை குளிர்ந்ததும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஏப்ரல் பில்லையும் மே பில்லையும் வெள்ளியில் ஒப்பிடாதீர்கள். பில்லில் அரசாங்கம் தரும் யூ-சேவ் கழிவு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில்தான் வரும். ஏப்ரலில் உங்கள் பில் குறைந்ததற்குப் பெரும்பாலும் அதுவே காரணம். அந்தக் கழிவு மே மாதம் இல்லாததற்குத் தம்பி பொறுப்பல்ல. பில்லில் எத்தனை யூனிட் என்று போட்டிருக்கிறதோ அதை மட்டும் பாருங்கள். அந்த மாதம் மீட்டர் பார்த்துப் போட்டார்களா, மதிப்பீடாகப் போட்டார்களா என்பதையும் கவனியுங்கள்.

சரி, உண்மைச் செலவை எப்படிக் கண்டுபிடிப்பது? பிளக்கில் செருகி அளக்கும் சின்ன மீட்டர் இங்கே உதவாது. நம் வீடுகளில் ஏர்கானுக்குத் தனி வயரிங், அதோடு ஒரே வெளி யூனிட் இரண்டு மூன்று அறைகளுக்கு ஓடும். தாளில் உள்ள எண்ணும் எல்லா அறைகளுக்கும் சேர்த்துப் போட்டதாக இருக்கலாம். அதனால் வீட்டு மின் மீட்டரையே நம்புங்கள். இரவு 9 மணிக்கு அதைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். காலை 7 மணிக்கு, யாரும் வாட்டர் ஹீட்டரைப் போடுவதற்கு முன் மறுபடி எழுதுங்கள். தம்பி ஏர்கான் போட்டுத் தூங்கும் மூன்று இரவு, அவர் மின்விசிறியோடு சமாளிக்கும் மூன்று இரவு. அந்த ஆறு இரவும் உங்கள் அறை ஏர்கானைப் போடாதீர்கள், துணி துவைக்கும் இயந்திரத்தையும் ஓட்டாதீர்கள். ஃபிரிட்ஜும் மின்விசிறியும் இரண்டு வகை இரவிலும் ஓடும் என்பதால், கழித்தால் மிஞ்சுவது கிட்டத்தட்ட ஏர்கான் மட்டும்தான்.

உதாரணமாக, ஏர்கான் ஓடும் இரவில் சராசரி 6.4 யூனிட், ஓடாத இரவில் 2.2 என்று வைப்போம். வித்தியாசம் 4.2. யூனிட் 30 காசு என்றால் இரவுக்கு 1 வெள்ளி 26 காசு, மாதத்துக்கு 37 வெள்ளி 80 காசு. கட்டணம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். ஆகவே உங்கள் கடைசி பில்லில் உள்ள விகிதத்தோடு பொருள், சேவை வரியையும் சேர்த்துப் போடுங்கள்.

வெந்நீரையும் பார்த்துவிடலாம். 3.3 கிலோவாட் உடனடி ஹீட்டரில் பத்து நிமிடம் குளித்தால் 0.55 யூனிட், ஏறக்குறைய 17 காசு. தினம் ஒரு குளியல் என்றால் மாதம் 5 வெள்ளி.

ஆக, உங்கள் நோட்டிலும் இதேபோல வந்தால் நான் 40 வெள்ளி கேட்கச் சொல்வேன். 100 வெள்ளி அநியாயம் என்பது என் கருத்து. நானும் வேலைக்கு வந்த புதிதில் ஓர் அறையில் குடியிருந்தவன். எதற்கென்று சொல்லாமல் மாதாமாதம் ஏற்றப்பட்ட 'கரண்ட் காசு' அன்று என்னை எவ்வளவு உறுத்தியது என்று இன்னும் நினைவிருக்கிறது. தொகையைவிட, கணக்கைக் காட்டவில்லையே என்பதுதான் வலித்தது.

கேட்பதற்கு முன் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். வாடகையிலேயே பியூபி அடக்கம் என்று எழுதியிருந்தால், நடுவில் கேட்பது முறையல்ல. வீவக விதிப்படி அறை வாடகை ஒப்பந்தம் குறைந்தது 6 மாதம். புதுப்பிக்கும்போது சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படி எழுதவில்லை என்றால், ஒரு மாலை டீ போட்டுக் கொடுத்து நோட்டை அவர் முன் விரித்து வையுங்கள். 25 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், தேசியச் சுற்றுப்புற வாரியமும் அதைத்தான் சொல்கிறது. பிறகு அடுத்த வாரம் அதே மீட்டரை அவரையே பார்த்து எழுதச் சொல்லுங்கள். யூனிட் குறைந்தால் தொகையையும் குறைத்துவிடுங்கள்.

ஏர்கான் ஃபில்டரைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள்? தூசி அடைத்திருந்தால் அதே குளிருக்குக் கூடுதல் மின்சாரம் போகும். அந்தச் செலவை அவர் தலையில் கட்டாமல், சர்வீஸ் ஆளை முதலில் வரச் சொல்லிவிட்டு அப்புறம் மீட்டர் பாருங்கள்.