ஜனவரி வைராக்கியம்

டாக்டரிடம் கேளுங்கள்

கேள்வி: வயது 47. வேளச்சேரியில் வீடு, சோழிங்கநல்லூரில் வேலை. சமையலை முடித்துவிட்டு எட்டு மணிக்குக் கிளம்பினால் திரும்பி வர இரவு எட்டு. சுகருக்கு மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறேன். போன வாரம் ஹெச்பிஏ1சி என்ற சுகர் டெஸ்டில் 7.8. வருஷா வருஷம் ஜனவரி ஒன்றாம் தேதி வாக்கிங் ஆரம்பிப்பேன், காணும் பொங்கலோடு நின்றுவிடும். "உனக்கு மன உறுதியே கிடையாது" என்கிறார் கணவர். ஆபீஸ் டென்ஷன் வேறு. மன உறுதியை வளர்க்க வழி சொல்லுங்கள் டாக்டர்.
- வாசகி, வேளச்சேரி

பதில்: மயான வைராக்கியம், பிரசவ வைராக்கியம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த வரிசையில் ஜனவரி வைராக்கியத்தையும் சேர்த்துவிடலாம். ஆனால் உங்களுக்கு உறுதி இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அடுப்படியையும் ஓ.எம்.ஆர். டிராஃபிக்கையும் தினமும் சமாளிக்கிறவருக்கு இன்னும் என்ன உறுதி வேண்டும்? விடியற்காலை நடை என்ற திட்டம்தான் உங்கள் நாளில் பொருந்தவில்லை. அந்த நேரத்தில் நீங்கள் குக்கர் வைத்துக்கொண்டிருப்பீர்கள்.

முதலில் டென்ஷன். அது ஏறும்போது உடம்பில் அட்ரினலினும் கார்டிசாலும் சுரக்கும். ஓடவோ சண்டை போடவோ சக்தி வேண்டுமே என்று கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும். நீங்களோ ஓடுவதில்லை, மேனேஜர் எதிரில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இறங்கிய சர்க்கரை எங்கே போகும்?

அதனால் நடையைச் சாப்பாட்டுக்குப் பின்னால் ஒட்டிவிடுங்கள். இயங்கும் தசை ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்ளும். மதியம் டிபன் பாக்ஸை மூடியதும் ஆபீஸ் வளாகத்துக்குள்ளேயே 10 நிமிடம். இரவு சாப்பிட்டதும் மொட்டை மாடியில் 15 நிமிடம். கொஞ்சம் வேகமாக, பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற அளவில் நடக்க வேண்டும். வாரத்தில் ஆறு நாள் நடந்தால் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 150 நிமிடம் கணக்கு சரியாக வந்துவிடும். ஷூ கூட வேண்டாம், வழுக்காத செருப்பு போதும். மே மாத வெயிலைச் சாக்குச் சொல்லவும் முடியாது. (இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொள்ளும் மற்ற வாசகர்கள், நடக்கும்போது படபடப்பு, வியர்வை, கிறுகிறுப்பு வந்தால் ரத்தத்தில் சர்க்கரை அளவு மிகவும் குறைந்திருக்கலாம், உடனே சர்க்கரை சாப்பிட்டுவிட்டு, தங்கள் மருத்துவரிடமும் சொல்ல வேண்டும்.)

எத்தனை நாளில் பழகும் என்று கேட்பீர்கள். 21 நாள் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். லண்டனில் 96 பேரை வைத்து நடத்தி 2009-ல் வெளியான ஆய்வில் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பில்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆக, கல்யாண வீடு, மழை என்று ஒரு நாள் போனால் போகட்டும், மறுநாள் மாடிப்படி ஏறிவிடுங்கள். ஹெச்பிஏ1சி சுமார் மூன்று மாதச் சராசரி, ஜனவரியின் இரண்டு வாரம் அதில் பெரிதாகத் தெரியாது. மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம்.

அப்புறம், உங்கள் கணவர். அவரையும் மாடிக்குக் கூட்டிப் போங்கள். வர மாட்டேன் என்றால் அந்த 15 நிமிடம் பாத்திரம் அவர் பொறுப்பு.

கேள்வி: எனக்கு 63 வயது. கிளினிக்கில் பார்த்தால் பி.பி. 160/95, வீட்டில் 130/80. எதை நம்புவது?
- வாசகர், பெரம்பூர்

பதில்: டாக்டரைப் பார்த்ததும் ஏறும் பி.பி. பலருக்கு உண்டு. வீட்டு அளவை நம்பலாம், எடுக்கும் முறை சரியாக இருந்தால். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படிய ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும், பேச்சு வேண்டாம், டி.வி. விவாதமும் வேண்டாம். ஒரு வாரம் காலையும் மாலையும் எழுதி, அந்த நோட்டை உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டிலேயே 135/85-க்கு மேல் நின்றால் அது பதற்றத்தால் வந்ததல்ல.

கேள்வி: எனக்கு 28 வயது. படுத்தால் தூக்கம் வருவதில்லை, ஏதேதோ நினைப்பு. "நான் நலமாக இருக்கிறேன்" என்று தினமும் சொன்னால் எல்லாம் சரியாகும் என்கிறான் நண்பன். உண்மையா?
- வாசகர், தாம்பரம்

பதில்: சொல்வதால் கெடுதல் இல்லை. ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்குக் குடிக்கும் ஸ்ட்ராங் காபியில் பாதி கேஃபீன் இரவு பதினொரு மணிக்கும் உடம்பில் சுற்றிக்கொண்டிருக்கலாம், அதனிடம் போய் நலம் என்று சொல்லிப் பயனில்லை. மதியத்துக்குப் பிறகு காபியை விடுங்கள். படுத்ததும் மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்குங்கள், ஐந்து நிமிடம் போதும், இதயத் துடிப்பு நிதானமாகும். நாளைய கவலைகளைப் படுக்கும் முன் ஒரு தாளில் எழுதிவிடுவதும் சிலருக்கு உதவுகிறது.

இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லை, பசியில்லை என்ற நிலை இருந்தால் வெறும் தூக்கப் பிரச்சினை என்று விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம். 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசுவார்கள். உயிரை விடும் எண்ணம் தலைகாட்டினால் இன்றைக்கே கூப்பிடுங்கள், அந்த நண்பனையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.