எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன பொறுப்பு என்று கேட்ட தங்கைக்கு

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். கோயம்புத்தூரிலிருந்து போன ஆண்டு ஒஸ்லோவுக்கு வந்திருக்கிறீர்கள், மகன் மூன்றாம் வகுப்பு. திங்கட்கிழமை தோறும் புத்தகப்பைக்குள் ஒரே ஒரு தாள் வருகிறது, வாரம் முழுவதற்குமான வீட்டுப்பாடம் அதில் இருக்கிறது. நீங்கள் அதை நாள்வாரியாகப் பிரித்து எழுதி, பக்கத்தில் இருந்து செய்ய வைக்கிறீர்கள். ஆசிரியையோ "அவனே பார்த்துக்கொள்ளட்டும்" என்கிறார். "எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன பொறுப்பு தெரியும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே ரியூசன், வாடகை வீடு, இட்லி அரிசி என்று இன்னும் சில கேள்விகள். அரிசிக்கு ஒஸ்லோவிலேயே குரோன்லான்ட் என்ற பகுதிப் பக்கம் போங்கள், ஆசியக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. வீட்டைப் பற்றி உங்கள் கணவரின் அலுவலகத்தில் கேட்டால் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். எனக்கு அந்தத் தாளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

நான் 1990இல் யாழ்ப்பாணத்திலிருந்து நேரே நோர்வேயின் வடகோடிக்கு, பின்மார்க் மாவட்டத்தில் உள்ள போட்ஸ்பியோர்ட் என்ற மீன்பிடி ஊருக்கு வந்து இறங்கியவள். கார்த்திகை முடியும் நேரம். அங்கே தை மாத நடுப்பகுதி வரை சூரியன் எழும்பாது. என் கணவர் 80களில் எங்கள் இளைஞர்கள் பலர் வந்த வழியில், தேர்வு இல்லாமல் தங்கிப் படிக்கும் நாட்டார் உயர்பள்ளி ஒன்றின் மாணவராக வந்து, பிறகு மீன் பதனிடும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர். நானும் அதே ஆலையில் மீன் வெட்டினேன். மொழி தெரியாது, பகலும் இல்லை, பேச ஆளும் இல்லை. பஸ் நேரம், சம்பளத் துண்டு, பாடசாலைக் கடிதம் எல்லாம் வார இலக்கத்தில் வந்தன. 40ஆம் வாரம் விடுமுறை, 47ஆம் வாரம் கூட்டம் என்பார்கள். உங்கள் மகனின் தாளின் தலைப்பிலும் அப்படித்தான் ஓர் எண் இருக்கும். முதல் வேலையாக வார இலக்கம் போட்ட நாட்காட்டி ஒன்று வாங்கி அவன் கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். உங்கள் உயரத்தில் வேண்டாம்.

ஊக்கெப்ளான், அதாவது வாரத் திட்டம் என்று இங்கே எல்லோரும் சொல்லும் அந்தத் தாளை நம்மவர்கள் வாசிக்கும் முறையே பிழை. கணக்கு எத்தனை, எந்தப் பக்கம் வாசிப்பு என்று நடுவில் உள்ள கட்டத்தை மட்டும் பார்க்கிறார்கள். அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் வரிகளைப் பாருங்கள். புதன்கிழமை உடற்பயிற்சி, உடுப்பும் துவாயும் கொண்டுவரவும். வியாழன் காட்டுக்கு நடை, மழையுடுப்பு வேண்டும். வெள்ளி நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆசிரியை "அவனே பார்த்துக்கொள்ளட்டும்" என்று சொல்வதில் பாதி இந்த வரிகளைப் பற்றியது. பையை அடுக்குவது யார்? நீங்கள் அடுக்கினால் பொறுப்பு உங்களுடையது, அவன் அதைச் சுமந்துகொண்டு போகிறவன் மட்டுமே.

மற்றப் பாதி, வாரத்தைப் பங்கிடுவது. வாசிப்பு பெரும்பாலும் தினமும் இருக்கும். கணக்கையும் எழுத்தையும் வெள்ளிக்கிழமைக்குள் முடித்துக் கொடுத்தால் போதும் என்று பல ஆசிரியர்கள் விட்டுவிடுவார்கள். புதன் மாலை காற்பந்துப் பயிற்சி இருக்கிறது, அன்றைக்கு நேரம் இராது, ஆகவே செவ்வாயே கணக்கை முடிக்க வேண்டும் என்று பிள்ளை தானே கண்டுபிடிக்க வேண்டும். கணக்கைவிட இதுதான் பாடம். நீங்கள் திங்கள், செவ்வாய் என்று பிரித்து எழுதிக் கொடுக்கும்போது அந்தப் பாடத்தை அவனிடமிருந்து எடுத்து உங்கள் மடியில் வைத்துக்கொள்கிறீர்கள். திங்கள் மாலை தாளை அவன் உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும். "வியாழக்கிழமை என்ன இருக்கிறது, அதற்கு நாளைக்கு என்ன செய்ய வேண்டும்?" என்று மட்டும் கேளுங்கள். அவன் சொல்லும் திட்டம் உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் அந்த வாரம் அதன்படியே போகட்டும்.

என் மூத்தவள் ஒருநாள் உடற்பயிற்சிச் சப்பாத்தை விட்டுவிட்டுப் போய்விட்டாள். நான் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. அந்த மணி நேரம் முழுவதும் வாங்கில் இருந்து மற்றப் பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்தாள். மாலையில் அழுதுகொண்டு வந்தாள். அடுத்த திங்கட்கிழமை தாளைக் கையில் எடுத்தவுடன் அடி வரியைத்தான் முதலில் வாசித்தாள். அதே ஊரில் எங்கள் ஆட்களில் ஒரு தாய், மறந்துபோன பாண் பெட்டியையும் கையுறையையும் தூக்கிக்கொண்டு உறைபனியில் பாடசாலைக்கு ஓடிக்கொண்டே இருப்பார். அது பாசம் என்று ஊரில் எல்லோரும் புகழ்ந்தார்கள். அந்தப் பையன் பதின்மூன்று வயதிலும் தாயைத்தான் கேட்டான், நாளைக்கு எனக்கு என்ன பாடம் என்று.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்கிறேன்: சப்பாத்து வேறு, குளிர் உடுப்பு வேறு. மாரியில் தொப்பி, கையுறை, கம்பளி உள்ளுடுப்பு, இருட்டில் மின்னும் வெளிச்சப் பட்டி, இவற்றை வாசலில் நீங்கள் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். இங்கே எந்தக் காலநிலையிலும் பிள்ளைகளை இடைவேளைக்கு வெளியே விடுவார்கள். நனைந்து விறைக்க விட்டுப் பொறுப்பைப் படிப்பிக்கக் கூடாது.

இனிக் கொப்பி விஷயம். அழிறப்பரைக் கையில் எடுக்காதீர்கள். உங்கள் ஊர்ப் பொறியியலாளர் குடும்பங்களிலும் இதைப் பார்க்கிறேன், எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களிடமும் முப்பது ஆண்டாகப் பார்த்துக் களைத்துவிட்டேன். பிள்ளை பிழையாகச் செய்ததை அழித்து, சரியான விடையைச் சொல்லிக்கொடுத்து, அழகான கொப்பியாக அனுப்புகிறார்கள். ஆசிரியை அதைப் பார்த்து, இந்தப் பிள்ளைக்கு இது விளங்கிவிட்டது என்று அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். பிழையைக் கண்டால்தானே அவருக்குத் திரும்பச் சொல்லித்தர வேண்டும் என்று தெரியும்? ஐந்தாம் வகுப்பு இலையுதிர் காலத்தில் நாடு முழுவதற்கும் ஒரே சோதனை வரும், வாசிப்பு, கணிதம், ஆங்கிலம் என்று. அங்கே அம்மா பக்கத்தில் இருக்க முடியாது. அன்றைக்குத்தான் சில வீடுகளில் உண்மை தெரியவருகிறது. பிறகு பாடசாலையைத் திட்டுகிறார்கள்.

கணக்கு சொல்லிக்கொடுக்க ஆசைப்பட்டால் முதலில் இங்கே எப்படி எழுதுகிறார்கள் என்று பாருங்கள். வகுத்தலுக்கு இரண்டு புள்ளி போடுவார்கள், 24 : 6 = 4 என்று. தசமத்துக்குப் புள்ளி கிடையாது, காற்புள்ளி. மூன்றரையை 3,5 என்றுதான் எழுத வேண்டும். நீள் வகுத்தலில் விடை சமக்குறிக்கு வலப் பக்கம் வரும், நாம் படித்ததுபோல் மேலே ஏறாது. இதெல்லாம் தெரியாமல் ஒரு தகப்பன் மகள் சரியாகச் செய்த கணக்குகளைச் சிவப்புப் பேனையால் வெட்டிவிட்ட கதையை நான் அறிவேன். அந்தப் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் நம்பிக்கை போய்விட்டது. பெருக்கல் வாய்ப்பாட்டை நம் முறையில் பாடமாக்கிக் கொடுங்கள், அதில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. எழுதும் முறையை மட்டும் அவனிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "உங்கள் வகுப்பில் எப்படிச் செய்வீர்கள், எனக்குக் காட்டு" என்று கேட்டால் பிள்ளைக்கு எவ்வளவு பெருமை வரும் தெரியுமா!

"இங்கே ஏழாம் வகுப்பு வரை மதிப்பெண்ணும் இல்லை, தர வரிசையும் இல்லை, சும்மா விளையாட்டுப் பள்ளி" என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். மதிப்பெண் இல்லை என்பது உண்மை. அது எட்டாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. பத்தாம் வகுப்பு முடியும்போது கிடைக்கும் மதிப்பெண்தான் எந்த மேல்நிலைப் பள்ளியில் இடம் என்பதைத் தீர்மானிக்கும். எட்டாம் வகுப்பில் யாரும் பிள்ளையின் பின்னால் ஓடி வரமாட்டார்கள். பல பாடங்களுக்குப் பல ஆசிரியர்கள், ஒப்படைக்கும் நாட்கள் ஒன்றன் மேல் ஒன்று விழும். அதற்கு முந்தைய ஏழு ஆண்டுகளும் வாரத் தாளோடு பழகியது அந்த நாளுக்காகத்தான். சின்ன வகுப்பில் தாய் தூக்கிச் சுமந்த கெட்டிக்காரப் பிள்ளைகள் அங்கே வந்து தடுமாறுவதைப் பார்த்து என் வயிறு எரிந்திருக்கிறது.

எனக்கும் இந்த முறையோடு ஒரு கோபம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். நோர்வேஜிய மொழி வாசிக்கத் தெரிந்த ஒரு பெரியவர் மாலையில் வீட்டில் இருப்பார் என்று எண்ணித்தான் அந்தத் தாளை எழுதுகிறார்கள். இரண்டு பேரும் மாறி மாறி இரவு வேலைக்குப் போகும் வீட்டை அவர்கள் நினைப்பதில்லை. வீட்டுப்பாடமே வேண்டாம் என்று சில பள்ளிகள் விட்டுவிட்டதற்கும் இந்த ஏற்றத்தாழ்வு ஒரு காரணம். நான் அந்தக் கட்சி இல்லை. தாள் இருக்கட்டும், உதவியும் இருக்கட்டும். நகரசபை இலவச வீட்டுப்பாட உதவி தரவேண்டும் என்ற சட்டம் 2010இல் முதல் நான்கு வகுப்புகளுக்கு வந்தது. 2014இல் பத்தாம் வகுப்பு வரை விரித்தார்கள், எல்லா வகுப்புக்கும் சேர்த்து வாரம் 8 மணி நேரம். அதை எந்த வகுப்புக்கு எவ்வளவு என்று நகரசபை பிரித்துக்கொள்ளும். உங்கள் பாடசாலையில் மூன்றாம் வகுப்புக்கு உண்டா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு? எங்கள் காலத்தில் அப்படி எதுவும் இருக்கவில்லை.

1997இல்தான் ஆறு வயதில் பாடசாலை தொடங்கும் முறை இந்த நாட்டில் வந்தது. என் மூத்தவள் அந்த முதல் ஆண்டு ஆறு வயதுக்காரி. வாரத்துக்கு ஓர் எழுத்து படிப்பிப்பார்கள். பிறகு ஒரு சின்ன வாசிப்புப் புத்தகம் வந்தது, ஒரு பக்கத்தைப் பெரியவர் ஒருவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டி, தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போக வேண்டும். வேலை முடிந்து வந்தால் எத்தனை தரம் கழுவினாலும் என் கையில் மீன் மணம் போகாது. அந்தக் கையோடு அவள் பக்கத்தில் இருந்து கேட்பேன். அவள் வாசிப்பாள், விளங்காத சொல்லை நான் கேட்பேன், அவள் படத்தைக் காட்டி விளக்குவாள். ஆலையில் நான் கற்ற நோர்வேஜியம் "வேகமாக", "கத்தி", "இடைவேளை" என்ற அளவில்தான் இருந்தது. வசனம் அமைத்துப் பேசவும் எழுதவும் எனக்குத் தெரியவந்தது அந்த வாசிப்புப் பக்கங்களால்தான். இன்று நகரசபையின் முதியோர் இல்லத்தில் அறிக்கை எழுதுகிறேன், புதிதாக வருகிறவர்களுக்குப் பழக்கிக் கொடுக்கிறேன். ஆகவே உங்களுக்கு மொழி போதாது என்று ஒதுங்காதீர்கள். கேட்டுக்கொண்டிருப்பதும் கையெழுத்துப் போடுவதும் உங்கள் பங்கு. அந்தப் பங்கை மட்டும் ஒருநாளும் விடாதீர்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று கை ஓங்காதீர்கள். பெற்றோர் அடிப்பதும் 1987 முதல் இங்கே சட்டப்படி தடை. சிறுவர் நல அலுவலகத்தைப் பற்றி ஆளுக்கொரு பயங்கரக் கதை சொல்வார்கள். அந்தக் கதைகளைக் கேட்டு நடுங்கிக்கொண்டு பாடசாலையை விட்டு விலகி நிற்பது பிள்ளைக்குத்தான் கேடு. ஆசிரியையோடு நெருங்கிப் பழகுங்கள். அடுத்தது, ஊருக்குப் போகும் விடுமுறை. பள்ளி அதிகபட்சம் இரண்டு வாரம்தான் விடுப்புத் தரும், அந்த நாட்களின் பாடத்துக்குப் பெற்றோரே பொறுப்பு. திருமணம், காதுகுத்து என்று ஐந்து வாரம் இழுத்துவிட்டு, திரும்பி வந்து ஆசிரியையிடம் பழைய தாள்களை எல்லாம் கேட்டு நிற்கும் ஆட்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். பிள்ளையிடம் பொறுப்பைக் கேட்பதற்கு முன் டிக்கெட்டை யோசித்துப் போடுங்கள்.

ரியூசன் கேட்டிருந்தீர்கள். மூன்றாம் வகுப்புக்கு வேண்டாம். சனி ஞாயிறில் தமிழ் வகுப்புக்கு அனுப்புங்கள், அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடத்தில் நம் பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கிறார்கள். ஆண்டுக்கு இரண்டு தடவையாவது ஆசிரியை உங்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பிள்ளையின் வளர்ச்சி பற்றிப் பேசுவார். அடுத்த முறை போகும்போது கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். "என் மகன் கெட்டிக்காரனா?" என்று கேட்காதீர்கள். "வகுப்பில் தன் வேலையைத் தானே தொடங்குகிறானா, விளங்காவிட்டால் கையைத் தூக்கிக் கேட்கிறானா?" என்று கேளுங்கள். மகனும் கூட இருந்தால் பதிலை அவன் சொல்லட்டும். அதன் பிறகும் ரியூசன் வேண்டும் என்று தோன்றினால் எனக்கு எழுதுங்கள், பார்ப்போம்.