வசந்தகாலத்தில் செங்குத்தான கூலுவாரில் பனிச்சறுக்குக்குப் போகிறவர்கள் ஏன் நள்ளிரவிலேயே கிளம்புகிறார்கள்?

கூலுவார் என்பது இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே செங்குத்தாக இறங்கும் குறுகலான பனி ஓடை. லிஃப்ட் எல்லாம் கிடையாது. சறுக்குக் கட்டைகளை முதுகில் கட்டிக்கொண்டு, பூட்ஸுக்கு அடியில் முள் இரும்பு மாட்டி ஏறி, அப்புறம் சறுக்கி இறங்க வேண்டும்.

பகல் வெயிலில் மேல்பனி உருகி, பனித்துகள்களுக்கு இடையே நீர் இறங்கும். இரவில் அது உறைந்து துகள்களைப் பிணைத்துவிடும். உப்பு ஜாடி மாதிரிதான்: மழைக்காலத்தில் நசநசத்த உப்பு, காய்ந்ததும் கரண்டி இறங்காத கட்டியாகிவிடுகிறது அல்லவா? காலை வெயில் பட்டதும் மேலே ஓரிரு சென்டிமீட்டர் மட்டும் இளகும். சறுக்க அதுதான் தங்கமான நேரம். முந்தினால் கட்டையின் விளிம்பு பிடிக்காது. பிந்தினால் பிணைப்பு ஆழம்வரை விட்டுப்போய் ஈரப்பனி மொத்தமாகச் சரியலாம். பாறையில் கற்களைப் பிடித்திருந்த பனிக்கட்டியும் இளகிக் கல் விழத் தொடங்கும், ஒதுங்கவும் இடமிருக்காது.

பிரான்சின் ஷமோனி அருகே, 4,122 மீட்டர் உயரமுள்ள எகுயி வெர்த் சிகரத்தின் விம்பர் கூலுவாரையே பாருங்கள். 1865இல் ஆங்கிலேய மலையேறி எட்வர்ட் விம்பர் ஏறிய வழி. 1968இல் சுவிஸ் பனிச்சறுக்கு வீரர் சில்வான் சோதான் சறுக்கி இறங்கிய வழி. காலையிலேயே வெயில் விழும் சரிவு என்பதால், அதற்குள் ஏறி முடிக்க நள்ளிரவை ஒட்டியே தங்கியிருக்கும் மலைக்குடிலை விட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்.

பனி இறுக, இரவில் காற்று குளிராக இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சரியில்லை: மேகம் மூடிய இரவில் பனியின் வெப்பம் வானுக்கு வெளியேறாது, வெப்பமானி பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினாலும் பனி இறுகாமலே விடிந்துவிடலாம்.